கால் பட்ட சட்டம்

அந்த அமெரிக்கச் சிற்றூரின் நகர்மன்றத்துக்குத் தேர்வாகியிருந்த மங்கையர்க்கரசி, பைபிளும் வேண்டாம், கீதையும் வேண்டாம் என்று சொல்லி, சட்டைப்பை அளவு அரசியல் சட்டப் புத்தகத்தின்மேல் கைவைத்துப் பதவியேற்றாள். பார்வையாளர் வரிசையில் முதல் ஆளாகக் கைதட்டியவர் வால்டர். அந்த மன்றத்தில் ஜெபம் சொல்லிக் கூட்டம் தொடங்குவதை வழக்குப் போட்டு நிறுத்தியவர். அவர் உட்காரும் பெஞ்சு ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் வருடக்கணக்காகச் செருகியிருப்பதும் அதே அரசியல் சட்டத்தின் அவருடைய பிரதிதான். மன்றத்தாரோடு கைகுலுக்கும் அவசரத்தில் மங்கையர்க்கரசியின் புத்தகம் நழுவி விழுந்து, அவள் செருப்புக்கால் அதன்மேல் பட்டுவிட்டது.

“அடியே, கால் பட்டுடுச்சு பாரு! தொட்டுக் கும்பிடு!” என்று கூட்டத்திலிருந்து அம்மா கத்தினாள்.

யோசிப்பதற்குள் கை புத்தகத்தை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிவிட்டது. வால்டர் எழுந்துவிட்டார்.

“இப்ப நீங்க செஞ்சது ஜெபம்தானே?”

“ஐயோ, இல்ல சார். கால் பட்டுடுச்சு, மன்னிப்புக் கேட்டேன்.”

“யார்கிட்ட?”

“யார்கிட்டயா? புத்தகத்துக்கிட்டதான்.”

மண்டபமே வால்டரைப் பார்த்தது. அவர் தலையைச் சொறிந்தார். பிறகு மண்டியிட்டுத் தன் பிரதியை உருவினார். பெஞ்சு சாய்ந்தது, அதிலிருந்தவர்கள் சிரித்தபடி ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். அவர் தூசியை ஊதினார், இரண்டு பக்கமும் திருட்டுத்தனமாகப் பார்த்தார், புத்தகத்தை மெல்ல முகத்தருகே கொண்டுபோனார்.

“கண்ணாடியக் கழட்டிட்டு ஒத்திக்கச் சொல்லுடி” என்றாள் அம்மா.