குரல் பதிவு

"பேங்க் ஆபீசர் கேக்கறதுக்கு நீயேதான் பதில் சொல்லணும் ஹலீமா. போனைத் தங்கச்சி கையில குடுத்துட்டு நழுவிடாதே. உன் குரல்தான் வேணுமாம்."

துபாயிலிருந்து வீட்டுக்காரர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் பாபநாசத்தில் ஹலீமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

துபாய் பேங்கில் ஆன்லைன் வசதி வாங்க மனுஷன் பட்ட பாடு கொஞ்சமா? வெளிநாட்டுக்காரர் என்பதால் விசா அட்டை கேட்டார்கள், கொடுத்தார். சம்பளக் கடிதம் கேட்டார்கள், மேனேஜர் பின்னால் நாயாய் அலைந்து வாங்கினார். வீட்டு விலாசம் கேட்டபோதுதான் விழித்தார். எட்டுப் பேர் படுக்கும் அறைக்கு ஏது விலாசம்?

இத்தனையும் எதற்கு? அவருக்கு லீவு என்று கிடைப்பது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் ஜும்ஆ தொழுகை முடித்த கையோடு, பணம் அனுப்பும் கடை வாசலில் வெயிலில் கால் கடுக்க நிற்க வேண்டியிருந்தது. ஆன்லைன் வந்துவிட்டால் படுத்த இடத்திலிருந்தே அனுப்பலாம். வெள்ளிக்கிழமையாவது அவர் நிம்மதியாகத் தூங்குவார். ஹலீமாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன் அடித்தது.

"பேங்க்லேர்ந்து ராஜராஜன் பேசறேன். பணம் வாங்கறவங்க நீங்கதானான்னு உறுதி பண்ணிக்கணும். பேச்சு பதிவாகும். உங்க பேரு?"

"ஹலீமா பீவி. நல்லாத் தமிழ் பேசறீங்களே, உங்களுக்கு எந்த ஊருங்க?"

"சீர்காழிம்மா. நான்தான் கேள்வி கேக்கணும், நீங்க கேக்கப்படாது. பணம் அனுப்பறவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரங்க."

"அவர் பேரு?"

ஹலீமா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நிக்காஹ் அன்றைக்கு அவளுடைய அம்மா காதில் ஓதி அனுப்பியிருந்தாள். ரேஷன் கடையில் அட்டையை நீட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் மகள் ஷமீராவை முன்னால் தள்ளிவிடுவாள். அதுவும் அவர் பார்ப்பது உயரத்தில் கம்பி கட்டும் வேலை. ஆயுசோடு விளையாட முடியுமா?

"ஷமீராவோட அத்தாங்க" என்றாள்.

"அது பேரு இல்லம்மா."

"நபிமார்ல ஒருத்தவங்க பேருதாங்க. கைத்தடியால அடிச்சுக் கடலைப் பொளந்தாங்கள்ல, அவங்க பேரு."

"எங்க ஊருக்குப் பக்கத்துலயும் கடல் இருக்கு. யாரும் பொளக்கலையே."

பக்கத்தில் நின்ற தங்கை நஜ்மா தலையில் அடித்துக்கொண்டாள். "குடு லாத்தா, மச்சான் பேரை நான் சொல்லிட்டுப் போறேன்."

ஆபீசருக்குப் பாம்புக் காது. "வேற யாரும் பேசக் கூடாது. குரல் மாறிச்சுன்னா எல்லாத்தையும் ரத்து பண்ணிடுவோம். அப்பறம் அவர் விசா அட்டைலேர்ந்து மறுபடியும் ஆரம்பிக்கணும்."

"ஐயோ, வேணாங்க. எழுதி அனுப்பினா ஏத்துக்க மாட்டீங்களா?"

"வாயால சொல்லணும்மா. சொல்றீங்களா, வச்சிடவா?"

ஹலீமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் அவர் ஆயுசு. இன்னொரு பக்கம் அந்த வெயில். யோசித்துப் பார்த்தால் அந்த வெயில்தானே ஆயுசைக் குறைக்கிறது? அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நஜ்மாவை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவருக்கு நீண்ட ஆயுசைக் கொடு என்று மனசுக்குள் துஆ செய்தாள்.

"மூஸா."

"காதுலயே விழலம்மா. இன்னும் கொஞ்சம் சத்தமா, கூப்பிடற மாதிரி சொல்லுங்க."

பேங்கில் இப்படியெல்லாமா படுத்துவார்கள்? ஆனாலும் ஒருமுறை சொல்லியாகிவிட்டதே, இனி என்ன.

"மூஸா!"

அந்தப் பக்கம் ஆபீசர் தொண்டையைச் செருமினார். "போதும்மா. எல்லாம் முடிஞ்சுது. ரொம்ப நன்றி."

ஹலீமா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் நினைத்த மாதிரி பயமாக இல்லை. வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. எவ்வளவு சின்னப் பேர், இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று சிரிப்புகூட வந்தது. இனி வெள்ளிக்கிழமை அவர் வெயிலில் நிற்க வேண்டாம். அது போதும்.

நஜ்மாவைக் கூப்பிடலாம் என்று எழுந்தபோதுதான், போனுக்குள் இன்னும் பேச்சுக்குரல் கேட்பதைக் கவனித்தாள். ஆபீசர் லைனைத் துண்டிக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவள் போனை மறுபடி காதில் வைத்தாள்.

"அழாதீங்க பாய்" என்றது அதே சீர்காழிக் குரல். இப்போது அதில் அதிகாரம் துளியும் இல்லை. "ஆன்லைன் வேலைதான் போன வாரமே முடிஞ்சுதே, இன்னும் எதுக்குய்யா இந்த நாடகம்னு நம்ம ரூம்ல எல்லாரும் உங்களைத் திட்டினோம். 'அம்மா மவுத்தாகிப் போனதுக்கப்பறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒலகத்துல ஒருத்தரும் இல்லடா'ன்னீங்களே, இந்தாங்க, பதிவு பண்ணிட்டேன், எத்தனை தடவை வேணும்னாலும் போட்டுக் கேட்டுக்குங்க."