மெக்கானிக் வரும் நாள்

வாஷிங் மெஷின் நின்றுபோனதில் ஹுமாயூனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஒற்றை ஆளாக அதைச் சுவரிலிருந்து நகர்த்தி, குழாயை அடைத்து, தரையைத் துடைத்துவிட்டார். அடுப்பில் இறால் தொக்கு கொதித்தது.

வாசனைக்கு எட்டிப் பார்த்தான் பக்கத்து வீட்டு டென்னிஸ். "இன்னா பாய், மெக்கானிக்குக்கா விருந்து? சம்பந்தி வர்ற மாதிரி புதுச் சட்டை வேற."

"ராயபுரத்துக்கே ஒரு மெக்கானிக்குதான் நைனா. பசியோட வருவான்."

பெல் அடித்ததும் தலையைக் கோதிக்கொண்டு கதவைத் திறந்தார். முன்பின் பார்க்காத இளைஞன் ஒருவன் டூல்ஸ் பையோடு நின்றான்.

"அஃப்ரித்துதானே வரணும்?"

"அவருக்குத்தான் கால் வந்துச்சு சார். இந்த அட்ரஸைப் பார்த்ததும் என்னைப் போகச் சொல்லிட்டாரு."

ஹுமாயூன் வழிவிட்டார். அவன் மெஷினைச் சரிசெய்து, கை கழுவித் திரும்பியபோது, தட்டில் சூடான சோறும் தொக்கும் இருந்தன.

"எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?"

"சாப்புடுப்பா. சாப்ட்டுட்டு அவன்கிட்ட போய்ச் சொல்லு," என்றார் ஹுமாயூன். "அவங்கம்மா கைப்பக்குவம் அப்டியே அவன் வாப்பாவுக்கு வந்துருச்சுன்னு சொல்லு."