போதிய நினைவகம் இல்லை

"இந்தத் தடவை கடையிலேயே பெரிய டிஸ்க்கா வாங்கிட்டு வந்திருக்கேன். இனிமே கம்ப்யூட்டர் எப்படி இடம் பத்தாதுன்னு சொல்லும், பாத்துடலாம்" என்றான் அவன்.

மனைவி எம்பிராய்டரி மிஷினில் நூல் மாற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, டிஸ்க்கை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, போன வாரம் வந்ததைவிட இது அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. மருமகள் கம்ப்யூட்டரில் பூவும் கொடியும் வரைவாள். மாமியார் நிறம் சொல்வாள். நாள் முழுக்க இருவருக்கும் ஆகாது. இலைக்கு இந்தப் பச்சையா, பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்பாள் ஒருத்தி. உங்கள் கண்ணைத்தான் முதலில் துடைக்க வேண்டும் என்பாள் இன்னொருத்தி. மாலையில் வேலையிலிருந்து திரும்பும் அவனிடம் இருவரும் தனித்தனியாக வழக்கு வைப்பார்கள். அவன் தலை உருளும்.

யோசித்து யோசித்து ஒருநாள் முடிவெடுத்தான். ஊரின் மறுகோடியில், தெருவைப் பார்த்த அறையோடு ஒரு வீடு பிடித்தான். மனைவி அங்கே தனியாகக் கடை போடலாம். அம்மா இங்கே நிம்மதியாக இருக்கலாம். இதைச் சொன்ன அன்று இருவரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். மறுக்காததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

ஆனால் ஆளுக்கொரு நிபந்தனை இருந்தது. இத்தனை வருஷத்து டிசைன்களில் ஒன்றுகூட விடாமல் டிஸ்க்கில் ஏறினால்தான் இந்த வீட்டு வாசலைத் தாண்டுவேன் என்றாள் மனைவி. முழுசாக எடுத்துக்கொண்டு போகட்டும், பாதியை விட்டுவிட்டு நாளைக்கு வந்து நிற்கக் கூடாது என்றாள் அம்மா.

அந்தக் காப்பிதான் ஏற மறுத்தது. ஒவ்வொரு முறையும் பாதி வழியில் நின்று, 'போதிய நினைவகம் இல்லை' என்று திரையில் எழுதிக் காட்டியது. டிஸ்க்கில் இடம் பத்தவில்லை போலிருக்கிறது என்று பெரிதாக ஒன்று வாங்கினான். பிறகு அதைவிடப் பெரிதாக. சாமான் வண்டியை இரண்டு தரம் தள்ளிப்போட்டாகிவிட்டது. நாளைக்கும் சாமான் ஏற்றாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் வண்டிக்காரன்.

புது டிஸ்க்கை மாட்டினான். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் அதே வரி வந்தது. மனைவி மிஷினை ஓட விட்டாள். அம்மா உள்ளே போனாள்.

வழக்கமாக ஊசி முறிந்தாலே ஊரைக் கூட்டுகிறவர்கள், இதற்கு ஒரு வார்த்தை சொல்லாதது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டான். மெக்கானிக் சிரித்துவிட்டார்.

"டிஸ்க் வேற, மெமரி வேற சார். நீங்க பாட்டுக்குக் குடோனைப் பெருசாக்கிட்டே போறீங்க. மூட்டை தூக்க ஆள் வேணாமா? குடோன் பெருசாக ஆக, கணக்கு வச்சுக்கவே இன்னும் ஆள் வேணும். ஆனா உங்க பெட்டியில நானே நாலு ரேம், அதான் மெமரி பட்டை, போட்டிருக்கேனே. திறந்து பாருங்க."

திறந்தான். நூல் துகள் பறக்கிற அறை அது. ஆனால் பெட்டிக்குள் ஒரு தூசி இல்லை. மாதா மாதம் மாமியாரும் மருமகளும் அதைத் திறந்து ஊதி, ரேம் பட்டைகளைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள். அதிலும் யார் அழுத்தித் தேய்ப்பது என்று சண்டை வரும்.

நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

அவன் நேராக உள்ளே போனான். மனைவியை அவன் சந்தேகிக்கவில்லை. தனிக்கடை கிடைக்கப் போகிறவள் அவள்.

அம்மா கேள்வியை முடிக்கவே விடவில்லை. பொத்தான் டப்பாவைத் திறந்து, பஞ்சில் சுற்றிய பட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். டப்பாவை மூடினாள்.

"அவகிட்டச் சொல்லிடாதேடா. போகணும்னு ஆசைப்படுறா. நான் பிடிச்சு வச்சதா ஆயிடும்."

"தினமும் சண்டைதானேம்மா போடறீங்க ரெண்டு பேரும்?"

"சண்டையா? நீ ஆபீஸ் போயிட்டா இந்த வீட்ல பேச வேற யாருடா இருக்கா எனக்கு?"

பஞ்சைப் பிரித்துப் பட்டையை எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டான்.

"சரி, இன்னொண்ணு எங்கே?"

"இன்னொண்ணா? நான் ஒண்ணைத்தானே எடுத்தேன்."

முன்னறையில் மிஷின் சத்தம் நின்று சிறிது நேரம் ஆகியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். அவனைப் பார்க்காமல் கடந்து வந்து, மூடியிருந்த கையை மாமியாரின் உள்ளங்கையில் வைத்துத் திறந்தாள்.

"ஒண்ணை மட்டும் எடுத்தா அது எப்படியாவது சமாளிச்சுக் காப்பி பண்ணிடும் அத்தை" என்றாள். "அதான் நான் இன்னொண்ணையும் கழட்டினேன்."