மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் யாழினி வாசலைத் தாண்டி மாடிப்படியில் இறங்கத் தொடங்கியிருந்தாள். இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள். படிக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று.

ஓடிப்போய் அள்ளினேன். அவள் சிரித்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே படியிறங்கினேன்.

கீழே வீட்டு ஓனர் ஈஸ்வரமூர்த்தி கார் துடைத்துக்கொண்டிருந்தார். கீறல் விழக்கூடாதென்று நாலு மூலையிலும் சென்சார் வைத்த கார்.

"படிக்கு ஒரு கைப்பிடி போட்டுக் குடுங்க சார். குழந்தை விழப் பாத்துச்சு."

"எங்கப்பாரு கட்டுன ஊடு கண்ணு. இதுவரைக்கும் ஒருத்தரும் உளுகலியே."

"கைப்பிடி இருக்கணும்னு ரூலே இருக்காமுங்க."

"அதெல்லாம் இனிமேக் கட்டற ஊட்டுக்கு. கட்டி முடிச்சதுக்கு எப்படிப் பொருந்தும்?"

"ஊடு பழசுதானுங்க. குழந்தை புதுசாச்சே."

"அப்பக் கதவைச் சாத்தி வெய்யி கண்ணு" என்றவர், பம்பர் பக்கம் குனிந்துகொண்டார். கான்வென்ட்டில் படித்த அத்தனை இங்கிலீஷ் வசவையும் அவர் முதுகுக்கு மனசுக்குள்ளேயே சமர்ப்பித்துவிட்டு மேலே வந்தேன்.

என் கணவர் சதீஷ்குமார் பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வரும்போது, தொழிலாளர் பாதுகாப்பில் ஒரு குறையும் அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் நேராகக் கீழே போனார்.

"படி பழசா புதுசாங்கறது கேள்வியே இல்லீங்க. மனுசன் ஏறி இறங்கறானா, கைப்பிடி இருக்கணும். உயிர் சமாச்சாரம்."

"அப்ப நீங்களே போட்டுக்குங்க தம்பி. நான் வேண்டாங்கல" என்றார் ஓனர், பெரிய தாராளம் காட்டுகிற குரலில்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரே ஆள் கூட்டிவந்து போட்டுவிட்டார். பளபளக்கும் எஃகுக் கம்பி. அதில் மஞ்சள் ஸ்டிக்கர், தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும்: 'கைப்பிடியைப் பிடித்து நடக்கவும்.'

"ஸ்டிக்கர் வேறயா?" என்றேன். பெருமையில் அதை ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

"சேஃப்டின்னா முழுசா இருக்கணும்" என்றவர், ஆள் பக்கம் திரும்பி, "வெல்டிங் வேண்டாம், போல்ட்டே போதும். கழட்டி மாட்ட வசதியா இருக்கும்" என்றார். பெயின்ட் அடிக்கும்போது வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு முன்யோசனை.

ஓனர் கம்பியை ஆட்டிப் பார்த்தார். "உன்ற ஊட்டுக்காரரு விவரமான ஆளுதான் கண்ணு."

"மனுசங்க மேல அக்கறை இருக்கறவங்க அப்படித்தானுங்க" என்றேன், அவர் காதில் நன்றாக விழும்படி. துணியை எடுத்துக்கொண்டு கார் பக்கம் போய்விட்டார். அன்றைக்குச் சோறு ஒரு கை கூடவே இறங்கியது.

மறுநாள் மதியம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாடியில் எதிர் போர்ஷனில் குடியிருக்கும் தேவிப்பிரியா இறங்கினாள். என் கணவர் கம்பெனியில்தான் டைலர்; சனிக்கிழமை வேலை முடிந்து ஊருக்குப் போனவள், காலையில் அங்கிருந்தே வேலைக்குப் போயிருந்தாள். வலது காலில் பெரிய கட்டு. யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

"என்னாச்சு பிரியா?"

"கம்பெனிப் படியில விழுந்துட்டேனுங்க்கா. வெட்டுன துணி பீஸ் பண்டலைத் தூக்கிட்டு இறங்கறப்ப வழுக்கிருச்சு."

"அங்கதான் கைப்பிடி இருக்குமே. ஆடிட்டுக்குன்னு இவர்தானே நின்னு போட்டாரு?"

"ஆடிட் வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சுங்களே. கம்பி இருந்தா பண்டல் இடிக்குதுன்னு சனிக்கிழமை கழட்டிட்டாங்க."

"பாத்து, என் கையைப் புடிச்சுக்கோ" என்றேன்.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் ஒரு படி ஏறினாள். மஞ்சள் ஸ்டிக்கரில் கை பட்டதும் நின்றாள். குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். யாழினியின் கன்னத்தைத் தொட்டாள்.

"எங்க கம்பெனிக் கம்பிங்க்கா இது. அடுத்த ஆடிட் வர்ற வரைக்கும் பாப்பாவுக்குப் பயமில்லீங்க."