சுவிட்ச் பெட்டியின் உயரம்

வெள்ளம் வடிந்தபின் ஊரே சுவிட்ச் பெட்டிகளைத் தலைக்கு மேலே ஏற்றியது. ஒருத்தி மட்டும் எலெக்ட்ரீஷியனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

“இன்னும் மேல வைங்க தம்பி.”

“இதுக்கே ஸ்டூல் போடணும். வீட்டுல ஒட்டகச்சிவிங்கியா வளர்க்கிறீங்க அக்கா?”

“எனக்கில்ல. வெள்ளத்தோட போனாரே என் வீட்டுக்காரர், அவருக்கு. தினமும் மிதந்துகிட்டே வந்து லைட்டைப் போடுறார். முதல்ல இடுப்பு உயரத்துல மிதந்தார். இப்போ முதுகு கூரையில இடிக்குது.”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏணியில் ஏறினான். கூரையில் முதுகு அகலத்துக்குச் சேறு அப்பியிருந்தது. சட்டைத் தையல்கூடப் பதிந்திருந்தது. தொட்டான், ஈரம். வெளியே நல்ல வெயில்.

ஏணியில் நின்றபடியே மனைவிக்குப் போன் போட்டான்.

“தண்ணி மறுபடியும் வரப்போகுது, கூரை வரைக்கும். பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு உடனே மாடிக்குப் போ.”

“என்ன உளறுறீங்க? நம்ம வீட்டுக்கு ஏது மாடி?”