கோல்கீப்பர் அட்டையின் விலை

"இன்னைக்கே வித்துடலாம்க்கா, சொன்னாக் கேளு..."

"நீ கேளுடா முதல்ல. ஒரு மாசம் போகட்டும். பொறுத்தவங்கதான் பூமி ஆளுவாங்க."

"எனக்குப் பூமி வேணாம். அஞ்சு மணிக்குக் கவுண்டரை மூடிடுவாங்க. அதுக்குள்ள பணம் கட்டியாகணும்."

விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வாங்கி விற்கும் கடை அது. கடைக்காரர் இருவரையும் காதில் வாங்காமல், பழைய கோல்கீப்பர் அட்டை ஒன்றின் மூலைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலேகால்.

"மூலை மழுங்கல, மடிப்பும் இல்ல. அவர் ஆட வந்த முதல் வருஷத்து அட்டை. எழுபதாயிரம் தரேன்."

"குடுங்க" என்றான் தம்பி.

"குடுக்காதீங்க" என்றாள் அக்கா. "ஏன்டா பறக்கறே? வீட்டுல கிடந்தா அது சோறா கேக்கப் போகுது?"

கடைக்காரர் சிரித்தார்.

"என் வயித்துல நானே அடிச்சுக்கறேன் தம்பி. ஆனா அக்கா சொல்றதுதான் புத்தி. போன வாரம் அவங்க தனியா வந்து விலை கேட்டப்பவே சொல்லிட்டேன். இந்தக் கோல்கீப்பர் இப்ப ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கிடக்கறாராம். ஆள் போயிட்டா இதே அட்டை பத்து மடங்குக்குப் போகும்."

பணம் வாங்க நீட்டிய தம்பியின் கை பாதியில் நின்றது. அக்கா சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படிக்கத் தொடங்கினாள்.

"அக்கா, அப்பா ஆபரேஷனுக்குத்தானே அப்பா படம் போட்ட அட்டையை விக்க வந்தோம். நீ என்னை எதுவரைக்கும் பொறுக்கச் சொன்னே?"