பதினொரு 'தெரியாது'

"ஸ்கூல் மானத்தைக் கப்பலேத்திட்டீங்களேம்மா" என்றார் கணக்கு சார்.

தையல் டீச்சர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தினாள். "நான் எழுதலை சார்."

"பின்னே, சுவரு எழுதிச்சா?"

ஆசிரியர் அறையில் சிரிப்பு எழுந்து அடங்கியது.

விஷயம் இதுதான். பள்ளியில் தீயோ நிலநடுக்கமோ வந்தால் என்ன செய்வீர்கள் என்று பள்ளியில் வேலை செய்கிற எல்லோருக்கும் தீயணைப்பு நிலையத்திலிருந்து இருபது கேள்விகள் வந்திருந்தன. பெயர் எழுத வேண்டாம், உண்மையை எழுதினால் போதும் என்று மேலேயே அச்சடித்திருந்தார்கள்.

பெயர் இல்லாவிட்டால் என்ன, பரீட்சை பரீட்சைதானே. கணக்கு சார் பழைய கையேடு ஒன்றைத் தேடியெடுத்து, ஒரே மூச்சில் இருபதுக்கும் விடை எழுதினார். மதிய இடைவேளையில் அந்தத் தாள் மேசையைச் சுற்றி வந்தது. பார்த்து எழுதிய பிள்ளையை முட்டி போட வைக்கிறவர்கள் எல்லோரும் பார்த்து எழுதினார்கள்.

தையல் டீச்சர் மட்டும் அப்போது அங்கே இல்லை. மணியடித்து எல்லோரும் வகுப்புக்குப் போன பின்பு வந்து, மேசையில் கிடந்த தாளைப் பார்த்துத் தானும் எழுதினாள். அதை யாரும் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. எல்லாத் தாள்களும் முழு மதிப்பெண். ஒன்றில் மட்டும் பதினொரு இடத்தில் 'தெரியாது'. வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வருகிறார்.

தலைமையாசிரியை கடிதத்தை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். மற்றவர்கள்தான் சொன்னார்கள். தையல் டீச்சரோ தற்காலிகம், நிரந்தரமாக்கும் கோப்பு இந்த மாதம்தான் கையெழுத்துக்குப் போகிறது. வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான் உலை வைக்கிறது. இந்த நேரத்தில் இது தேவையா என்று அறிவியல் டீச்சர் அக்கறையாகக்கூடக் கேட்டாள்.

இல்லை இல்லை என்று சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துபோனது.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி உட்காரவில்லை. "சோதனைக்கூடத்துல தீப்பிடிச்சா கேஸை எங்க மூடுவீங்க?"

"வெளிச் சுவர்ல இருக்கிற சிவப்புப் பிடியைத் திருப்பி" என்றார் கணக்கு சார், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

"காலையில தேடிப் பார்த்தேன். போன தடவை வெள்ளையடிச்சப்போ அதையும் சேர்த்துப் பூசிட்டாங்க. உங்கள்ல யாராவது அதைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரியே தொடர்ந்தார்.

"ஒருத்தர் மட்டும் 'தெரியாது, போய்ப் பார்க்கணும்'னு எழுதியிருக்காங்க. தெரியாதுன்னு தெரிஞ்சவங்கதான் போய்ப் பார்ப்பாங்க. அவங்களையே இந்த ஸ்கூலுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளரா போடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப் போறேன். யாரது?"

கணக்கு சார் சட்டென்று திரும்பினார். "நம்ம தையல் டீச்சர்தான் சார். நல்ல துடிப்பான பொண்ணு. நான் அப்பவே சொன்னேன்."

கைதட்டல் எழுந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார். இப்படி ஒரு கடிதம் மேலே போனால் கோப்பு தானாக நகரும். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா நின்றால் போதும்.

ஒரு கணம் சும்மாதான் நின்றாள்.

"நான் இல்ல சார்" என்றாள். "நானும் பார்த்துத்தான் எழுதினேன். அந்தப் பிடி எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது."

கைதட்டியவர்கள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். கணக்கு சார் கூரையைப் பார்த்தார்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"அது என்னோட தாள் சார். பதினாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். எனக்கு வர வேண்டிய பேச்சையெல்லாம் ஒரு வாரமா இந்தப் பொண்ணு வாங்கிட்டிருந்தா. நான் வாயைத் திறக்கலை."

அவர் தையல் டீச்சரின் தோளில் கை வைத்தார்.

"தெரியாதுன்னு சொல்ல எனக்குப் பேரில்லாத தாள் வேண்டியிருந்துச்சு. இவ முகத்தைக் காட்டிச் சொல்றா. பொறுப்பை இவகிட்டயே கொடுங்க."